'எல்லா மாடலுக்கும் பொருந்தும்' என்று விற்கும் ஆர்ம்ரெஸ்ட் சீட்: காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் தோட்ட டிராக்டருக்கு ஆர்ம்ரெஸ்ட் (கைதாங்கி) வைத்த சீட் ஆன்லைனில் வாங்கியதில் ஏமாந்ததுதான் மிச்சம். படத்தில் ஸ்லைடு ரெயில், போல்ட், வாஷர் எல்லாம் இருந்தன. பெட்டியில் வெறும் சீட். அடித்தகட்டில் சீட் சுவிட்ச் உட்கார ஓட்டையே இல்லை. கேட்டதற்கு விற்றவர், "அந்தச் சுவிட்சின் இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றிவிடுங்கள், ஓடும்" என்றார். இந்தப் பதிவே அந்தப் பதிலுக்காகத்தான்.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிளேடு ஓடும்போது ஆள் சீட்டை விட்டு எழுந்தாலோ விழுந்தாலோ எஞ்சினை நிறுத்துவது அந்தச் சுவிட்ச்தான். அது இல்லாவிட்டால், சரிவில் விழுந்தவர் மேலேயே பிளேடு சுற்றிக்கொண்டு வண்டி ஏறலாம். தவிர, எல்லா சுவிட்சும் ஒரே ரகமில்லை. சிலவற்றில் உட்கார்ந்தால் சர்க்யூட் சேரும். சிலவற்றில் எழுந்தால் சேர்ந்து, இக்னிஷனை எர்த் செய்து எஞ்சினை அணைக்கும். இந்த இரண்டாவது ரகத்தில் வயரை முறுக்கினால் எஞ்சின் ஓடாமலே போகலாம். பல வண்டிகளில் சுவிட்ச் சீட்டின் அடித்தகட்டு ஓட்டையில் செருகித் திருப்பி மாட்டும் வகை. அதே அளவு ஓட்டை அதே இடத்தில் உள்ளதா என்று, வாங்கும் முன்பே சீட்டைக் கவிழ்த்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வாங்காதீர்கள்.

அடுத்து மரை. 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ., மெட்ரிக் அளவான எம்8 போல்ட் 8 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 5/16 போல்ட்டில் அங்குலத்துக்கு 18 மரை என்றால் மரைக்கு மரை இடைவெளி 1.41 மி.மீ.; வழக்கமான எம்8-ல் 1.25. ஒன்றின் நட்டில் மற்றதைப் போட்டால் ஓரிரு சுற்று கையால் ஏறி, பிறகு இறுகும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். மேலும் ஸ்பேனர் போட்டால் தகட்டில் வெல்டு செய்த நட்டின் மரை போய்விடும், இல்லையென்றால் வெல்டு விட்டு நட்டே சுழலும். போல்ட் நீளமானால் மெத்தைக்குள் குத்தும். பழைய போல்ட்டை அப்படியே போடாமல் ஆழத்தை அளந்து போடுங்கள்.

நான்கு போல்ட் ஓட்டைகளின் இடைவெளி மட்டும் ஒத்துப்போனால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஆர்ம்ரெஸ்டின் வெளி அகலத்தை அளந்து, அந்த நீளத்துக்கு அட்டை வெட்டிப் பழைய சீட்டின் குறுக்கே வைத்துப் பாருங்கள். பிளேடு உயர்த்தும் லீவர் முழுதாகப் பின்னால் வரும்போது அட்டையில் இடிக்கிறதா? அடியில் ஸ்பிரிங் இருந்தால், ஆள் உட்கார்ந்ததும் ஆர்ம்ரெஸ்டும் சேர்ந்து இறங்கி மட்கார்டில் உரசலாம். சீட்டை முன்னால் கவிழ்த்தால் ஆர்ம்ரெஸ்ட் ஸ்டியரிங்கில் தட்டலாம். அப்புறம் அடியில் பேட்டரி உள்ள வண்டியில் அதைத் தொடவே சீட்டைக் கழற்ற வேண்டிவரும். மேலே மடக்கும் ஆர்ம்ரெஸ்டே நல்லது. அதன் கீல் போல்ட்டுக்குப் பின்னால் தடித்த தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்ம்ரெஸ்டை ஊன்றித்தான் எல்லோரும் எழுவார்கள். வெறும் மெல்லிய தகடாக இருந்தால் கிழிந்து வந்துவிடும்.

போல்ட் ஏற்றிய தடம் இருந்தால் பல விற்பனையாளர்கள் திருப்பி எடுப்பதில்லை. எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள். ஆகவே முதலில் போல்ட் போடாமல் வைத்து, எல்லா லீவரையும் அசைத்துப் பாருங்கள்.

மாட்டியபின், சமதளத்தில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது பிளேடை ஓடவிட்டு சீட்டிலிருந்து லேசாக எழுந்து பாருங்கள். எஞ்சின் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த வண்டியில் புல் வெட்டாதீர்கள். மாறாக, மேடுபள்ளத்தில் விட்டுவிட்டு அணைந்தால், புது சீட் சுவிட்சைச் சரியாக அமுக்காமல் இருக்கலாம்.