பிரெண்ட், எக்கோஃபிஸ்க்: வற்றும் இரு எண்ணெய் வயல்கள்

நார்வேயின் எக்கோஃபிஸ்க் வயல் 1969இலும் பிரிட்டனின் பிரெண்ட் வயல் 1971இலும் கண்டறியப்பட்டன. இரண்டும் இருப்பது ஒரே வட கடலில்தான். ஆயினும் பிரெண்ட் 2021 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. எக்கோஃபிஸ்க்கோ 2048 வரை உரிமம் பெற்று இன்றும் எண்ணெய் தருகிறது. இந்த வேறுபாட்டுக்கு நிலவியல் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

எக்கோஃபிஸ்க்கின் எண்ணெய் சுண்ணப்பாறையில் ஊறிக் கிடக்கிறது. தொடக்கத்தில், இருப்பதில் 17 விழுக்காடு மட்டுமே எடுக்க முடியும் என்று கணக்கிட்டிருந்தார்கள். எண்ணெய் வெளியேற வெளியேற அழுத்தம் குறைந்தது, மென்மையான பாறை நசுங்கியது, கடற்படுகை தாழ்ந்தது. 1984இல் அதைக் காட்டிக்கொடுத்தவை சில துளைகள். எண்ணெய்த் தொட்டியைச் சுற்றி அலைகளைத் தடுக்க நின்ற கான்கிரீட் சுவரில், பழைய புகைப்படங்களில் தெரிந்ததைவிடக் குறைவான துளை வரிசைகளே நீருக்கு மேல் தெரிந்தன. மூன்று ஆண்டுகள் கழித்து, 1987இல், எஃகு மேடைகளின் கால்களை வெட்டி, மேடைகளை அப்படியே ஆறு மீட்டர் தூக்கி, இடையில் புதிய துண்டுகளைப் பொருத்தினார்கள். அதே ஆண்டு பெருமளவில் கடல்நீரைப் பாறைக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். நீர் சுண்ணப்பாறையை இளக்கும் என்பதால் தாழ்வு உடனே நிற்கவில்லை என்றாலும், எடுக்கக்கூடிய அளவு இன்று 50 விழுக்காட்டை எட்டும் என்ற நிலைக்கு வந்திருக்கிறது.

பிரெண்டைப் பொறுப்பற்று வீணடித்த வயல் என்று சொன்னால் அது நியாயமாகாது. அதன் மணற்பாறையில் தொடக்கம் முதலே நீர் செலுத்தப்பட்டது. 1982இல் அது நாளொன்றுக்கு ஐந்து லட்சம் பீப்பாய்க்கு மேல் தந்தது. எண்ணெய் குறைந்தபோது, 1990களில், அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதை விட்டு, வேண்டுமென்றே அதைக் குறைத்து, எஞ்சிய எண்ணெயில் கரைந்திருந்த வாயுவைப் பிரித்தெடுத்தார்கள். வயலின் ஆயுள் அதனால் நீண்டது. பொறியியலில் இரு வயல்களுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை என்பதே என் கணிப்பு. 2017இல் பிரெண்ட் வயலின் மேடைகளில் ஒன்றான டெல்டாவின் 24,000 டன் மேற்கட்டுமானத்தை ஒரே கப்பல் ஒரே தூக்கில் எடுத்துச் சென்றது. கான்கிரீட் கால்களை மட்டும் என்ன செய்வது என்பது நெடுங்கால விவாதமாகவே நீடித்தது.

உண்மையான வேறுபாடு பணத்தில் இருக்கிறது. நார்வே 1972இல் ஸ்டாட்டாயில் என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கி, அதன் பெரும்பான்மைப் பங்கைக் கையிலேயே வைத்துக்கொண்டது. எண்ணெய் இலாபத்தில் 78 விழுக்காடு வரியாகப் பெறும் முறையை நிலைநிறுத்தியது. 1990இல் சட்டம் இயற்றி 1996இல் முதல் தொகையைச் சேமிப்பு நிதியில் செலுத்தியது. அந்த நிதி 2017இல் ஒரு இலட்சம் கோடி டாலரைத் தாண்டியது. பிரிட்டனும் 1970களில் அரசு எண்ணெய்க் கழகம் ஒன்றை அமைத்ததுதான். ஆனால் 1982 முதல் அதன் உற்பத்திப் பிரிவை விற்றது, வரி வருவாயை அவ்வவ்வாண்டு வரவுசெலவிலேயே கரைத்தது. நார்வேயின் மக்கள்தொகை பிரிட்டனுடையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதால், இரு நாடுகளும் ஒரே அளவு சேமித்திருக்கலாம் என்று வாதிடுவது தவறு. ஆனால் எதுவுமே சேமிக்க இயலாது என்பதும் உண்மையன்று: பிரெண்டின் எண்ணெய் கரைசேர்ந்த ஷெட்லாண்ட் தீவுகளின் உள்ளாட்சி மன்றம், 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் வலுவில் முனையத்திலிருந்து தனக்கென வருவாய் பெற்று, அறக்கட்டளை ஒன்றில் சேர்த்துவைத்தது.

தேடலிலும் பாதைகள் பிரிந்தன. பிரிட்டனின் உற்பத்தி 1999இலும் நார்வேயுடையது 2001இலும் உச்சத்தைத் தொட்டன. 2005இல் நார்வே, இலாபம் இல்லாத நிறுவனங்களுக்கும் தேடல் செலவில் வரி விகிதத்துக்கு ஈடான பங்கைத் திருப்பித் தரத் தொடங்கியதால் சிறு நிறுவனங்கள் துணிந்து துளையிட்டன. 2010இல், பல பத்தாண்டுகள் பெரிய நிறுவனங்கள் தேடிச் சலித்த பகுதியிலேயே யோகான் ஸ்வெர்ட்ரூப் என்னும் மாபெரும் வயல் கிடைத்தது. பிரிட்டனோ 2005இலேயே கச்சா எண்ணெயில் நிகர இறக்குமதி நாடாகிவிட்டது. 1924 முதல் இயங்கிய ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சுத்திகரிப்பு ஆலை 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் பதப்படுத்துவதை நிறுத்தி, இறக்குமதி முனையமாக மாறியது.

உலகச் சந்தையில் விலை சொல்லும்போது இன்றும் பிரெண்ட் என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயரின்கீழ் விற்கப்படும் வகைகளில், குழாய் வழியே இங்கிலாந்தின் டீசைடில் கரைசேரும் எக்கோஃபிஸ்க் எண்ணெயும் ஒன்று. 2023இல் டெக்சாஸ் எண்ணெயையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள்.