டாட் 4 பிரேக் ஆயில், நாலு வருடப் பயன்பாடு: டப்பாவில் தெரியாதது காலிப்பரில் தெரியும்

என்ஜின் ஆயில் ஓட ஓடக் கெடும். பிரேக் ஆயில் வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும் கெடும். அதனால் இதற்குக் கிலோமீட்டரைவிடக் காலண்டரைத்தான் பார்க்க வேண்டும். டாட் (DOT) என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் ஈதர் வகை. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வது இவற்றின் பிறவிக் குணம். வண்டியில் பிரேக் ஆயில் நிற்கும் டப்பாவின் மூடியில் உள்ள மூச்சுத் துளை வழியே கொஞ்சம், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸின் சுவர் வழியே கொஞ்சம் என்று ஈரம் வந்துகொண்டே இருக்கும். ஹோஸ் வழியாகவா என்று கேட்கத் தோன்றும். ஆயில் வெளியே கசியாது. நீராவி உள்ளே ஊடுருவும்.

முதல் வருடத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பெடல் முதல் நாள் இருந்தபடியே இருக்கும்.

இரண்டாம் வருடக் கடைசியிலும் காலுக்கு எதுவும் தெரியாது. ஆனால் ஆயிலின் கொதிநிலை இறங்கியிருக்கும். தர விதிப்படி புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரி. டாட் 3-க்கு இதே எண்கள் 205, 140, டாட் 5.1-க்கு 260, 180. நூற்றுக்கு நாலு பங்கு கூட இல்லாத தண்ணீர் 75 டிகிரியைத் தின்றுவிடுகிறது. ஊருக்குள் மெதுவாக ஓட்டுபவருக்கு 155 டிகிரியே தாராளம். ஆட்களும் பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்து வருபவருக்கு அது போதாது.

ஆயில் கொதிக்கும் விதம் கொஞ்சம் வஞ்சகமானது. பெடலை மிதித்திருக்கும் வரை லைனில் அழுத்தம் இருப்பதால் கொதிநிலை உயர்ந்தே நிற்கும். காலை எடுத்ததும் அழுத்தம் போய், சூடான காலிப்பருக்குள், அதாவது சக்கரத்து டிஸ்கில் பிரேக் பேடை அழுத்தும் பாகத்துக்குள், ஆவிக் குமிழ்கள் கிளம்பும். அடுத்த மிதி அந்தக் குமிழ்களை அமுக்குவதிலேயே போய்விடும், பெடல் தரைக்குப் போகும், வண்டி நிற்காது. இறக்கம் முடிந்து வண்டியை நிறுத்திய சில நிமிடங்களிலும் இது நடக்கலாம். காற்றோட்டம் நின்றுவிடுவதால் டிஸ்கின் சூடு காலிப்பருக்குள் ஏறும். ஆறிய பிறகு குமிழ் கரைந்து பெடல் பழையபடி வந்துவிடும். ‘இப்ப நல்லாத்தானே பிடிக்குது’ என்று விட்டுவிடுவது இதனால்தான். பேட் சூடேறிப் பிடிப்பை இழப்பது வேறு கோளாறு. அதில் பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டிதான் வழுக்கிப் போகும்.

மூன்று, நாலு வருடம் தாண்டினால் பிரச்சினை கொதிநிலையோடு நிற்காது. துருத் தடுப்பு மருந்து தீர்ந்துபோன ஆயிலில் காலிப்பர் பிஸ்டன் ஓரம் அரிக்கத் தொடங்கும். பிஸ்டன் பின்வாங்காமல் ஒட்டிக்கொள்ளும், ஒரு பக்க பேட் மட்டும் தேயும், ஓட்டி முடித்ததும் அந்த ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டின் நுண்ணிய வால்வுகளுக்கும் இதே கதி. அதை மாற்றும் செலவைப் பார்க்கும்போது ஒரு லிட்டர் ஆயில் ஒரு செலவே இல்லை.

‘கலர் தண்ணி மாதிரி இருக்கு, இன்னும் ஒரு வருஷம் ஓடும்’ என்பது ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி கேட்கும் வசனம். நிறத்தை நம்ப வேண்டாம். கலந்த ஈரத்துக்கு நிறம் கிடையாது. அதைவிட முக்கியம், பிரேக் ஆயில் சுற்றி ஓடுவதில்லை. டப்பாவில் உள்ளது டப்பாவிலேயே இருக்கும், காலிப்பரில் உள்ளது அங்கேயே வெந்துகொண்டிருக்கும். மேலே தேன் நிறத்தில் தெளிவாக இருக்கிற வண்டியில், பின் சக்கர நிப்பிளை (ஆயிலை வெளியேற்றும் சிறு திருகு) திறந்தால் முதல் பீச்சல் டீ டிக்காஷன் மாதிரி வரும், அடியில் கறுப்புத் துகளும் கிடக்கும். பேனா வடிவ டெஸ்டர் மின்கடத்தலை வைத்து ஈரத்தை ஊகிப்பது. ஆயில் வகைக்கு ஏற்ப அளவு மாறிக் காட்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் மாற்றலாம், பச்சை எரிந்தது என்று தள்ளிப்போட வேண்டாம். ஆயிலைச் சூடாக்கிக் கொதிநிலையை அளக்கும் கருவிதான் நம்பகமானது.

ஆக, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. மேனுவல் வேறு சொன்னால் மேனுவல்படி. மலைப் பாதை, டிராக், இழுவை வண்டி என்றால் வருடம் ஒருமுறை.

எந்த ஆயில் என்பது டப்பா மூடியிலேயே அச்சாகி இருக்கும். டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 4 கேட்பதில் டாட் 3 கூடாது. டாட் 5 சிலிக்கோன், பெயர் ஒத்திருந்தாலும் டாட் 5.1-க்கு உறவு இல்லை, எதனோடும் கலக்கக் கூடாது. அது ஈரத்தை உறிஞ்சாதே, நல்லதுதானே என்றால், இல்லை. உள்ளே வந்த தண்ணீர் கரையாமல் தாழ்ந்த இடத்தில் தேங்கி, அங்கேயே அரிக்கும். என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ தவறி விழுந்தால் ரப்பர் சீல் அத்தனையும் ஊதிப்போகும். பிறகு சீல்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதுதான்.

வேலைக்கு ஒரு லிட்டர் வாங்கினால் போதும். தொடங்கும் முன் நாலு நிப்பிளும் அசைகிறதா என்று பாருங்கள். துருப்பிடித்த நிப்பிளை ஓப்பன் ஸ்பேனரில் திருகினால் முனை மழுங்கும், இல்லாவிட்டால் கழுத்து முறியும். முந்தின நாளே துருவை இளக்கும் எண்ணெய் விட்டு, சரியான அளவு ரிங் ஸ்பேனர் போடுங்கள். பெரும்பாலும் 8, 10 அல்லது 11 மில்லிமீட்டர். பிறகு சிரிஞ்சால் டப்பாவின் பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள். இதைச் செய்யாவிட்டால் அந்தப் பழைய ஆயில் முழுவதும் லைன் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். சில வண்டிகளுக்கு மேனுவல் வேறு வரிசை சொல்லும். நிப்பிளில் தெளிந்த டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்று திறந்து மூட வேண்டும். மூடிய பிறகே காலை எடுக்கலாம். பெடல் தரை வரை போகக் கூடாது, அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டர் சீல் தொடாத ஆழத்தில் அழுக்கும் அரிப்பும் இருக்கும். அதன் மேல் உரசினால் சீல் கிழியும். ‘ஆயில் மாத்தினதும் மாஸ்டர் சிலிண்டர் போச்சு’ என்ற புலம்பல் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

முதல் சக்கரத்துக்கு 200 முதல் 250 மில்லி, மற்றவற்றுக்கு நூறு, நூற்றைம்பது மில்லி வெளியேறினால் நிறம் மாறிவிடும். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். மினிமம் கோட்டுக்குக் கீழே போய்க் காற்று உள்ளே நுழைந்து ஏபிஎஸ் யூனிட்டில் மாட்டிக்கொண்டால், ஸ்கேனர் வைத்து வால்வுகளை இயக்காமல் அது வராது. மின்சாரக் கார், ஹைபிரிட் போன்றவற்றில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எலெக்ட்ரானிக்ஸ் இருக்கும். அந்த வண்டிகளை வீட்டில் தொட வேண்டாம். கிளட்சும் இதே டப்பாவில் குடிக்கிறது என்றால், அதன் நிப்பிளையும் மறக்காதீர்கள்.

பெயின்ட்டில் சொட்டினால் துணியால் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். முடித்ததும் என்ஜினை ஓட விட்டுப் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பஞ்சு மாதிரி இருந்து, இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே எழும்பினால் காற்று மிச்சம். கெட்டியாக நின்று பிறகு மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே கசிவும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டர் சீல் உள்ளுக்குள் விடுகிறது.

இடையில் டப்பாவில் அளவு குறைந்தால் உடனே ஊற்றாதீர்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வருவதால் மட்டம் இறங்குவது இயல்பு. முதலில் பேட்டைப் பாருங்கள், பிறகு கசிவைத் தேடுங்கள். மேக்ஸிமம் வரை நிரப்பி வைத்தால், புது பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அத்தனையும் வழிந்து பெயின்ட்டில் விழும். மிச்சமான பாதி பாட்டிலை அடுத்த முறைக்கு என்று அலமாரியில் வைப்பதும் வேண்டாம். திறந்த பாட்டில் அங்கேயே ஈரம் குடித்துப் பழையதாகிவிடும்.