நாலு வருஷம், ஒரு சைக்கிள், மூணு போக்ஸ் கம்பி

போன வாரம் வாழப்பாடியிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். நான் ஓட்டும் அதே மாடல் சைக்கிள் இப்போது ஆறாயிரம் ரூபாய் விலை இறங்கியிருக்கிறதாம். "அண்ணே, இதுலதானே நீங்க தனியா கடலூர்லேர்ந்து கன்னியாகுமரி வரைக்கும் கடலோரமாவே போனீங்க? வாங்கலாமா? இல்ல, உங்க வண்டியவே குடுத்துடறீங்களா?" என்றார். அவர் கேட்ட நேரத்தில் என் வண்டி பின்வீல் இல்லாமல் சுவரில் சாய்ந்து கிடந்தது. பின்வீலில் மூன்றாவது தடவையாகப் போக்ஸ் கம்பி தெறித்து, வீலைக் கடையில் கொடுத்திருந்தேன். அதனால் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்வதுதான் நியாயம். முன்னால் சின்னப் பல்சக்கரம் 26 பல், பின்னால் பெரியது 34 பல். சேலத்தில் கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் மிதிக்க ஆரம்பித்தால் ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஊர் 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் வருஷம் ஏழாவது வளைவிலேயே இறங்கித் தள்ளினேன். இன்றைக்கு ஒரு இடத்திலும் கால் ஊன்றாமல் ஏரிக்கரை வரை போய்ச் சேர்கிறேன் என்றால் பாதி என் கால், பாதி அந்த 34 பல். இறக்கத்திலும் சட்டம் நடுங்காது. பின்னால் 14 கிலோ மூட்டை இருந்தாலும் ஹேண்டில் பார் கையைவிட்டு ஓடாது. சீட் மட்டும் கல். அதை முதல் மாசமே மாற்றிவிட்டேன்.

கடலோரப் பயணம் தை மாசம், பொங்கல் முடிந்து மூன்றாம் நாள். ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம் வழியாகக் கடலூர். அங்கிருந்து கடல் இடது கைப்பக்கம், வாடைக்காற்று முதுகில். தை மாசக் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் வடக்கேயிருந்து தெற்கே போகிறவனுக்கு அது தள்ளிவிடுகிற கை மாதிரி. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்ட ஆரம்பித்த கோட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன கடைசித் தட்டுவடையைத் தின்றேன். அந்த நிமிஷம் இந்த வண்டியைப் பற்றி யார் கேட்டிருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன்.

நாகப்பட்டினம் தாண்டி, வேதாரண்யத்துக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும்போது "டிங்" என்று ஒரு சத்தம். வீணைக் கம்பி அறுந்தால் வருமே, அது. அடுத்த சுற்றிலேயே ரிம் பிரேக் ஷூவில் சர்க் சர்க் என்று உரச ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் பின்வீல், வலப்பக்கம், கேசட்டுக்கு, அதாவது பின்வீல் பல்சக்கர அடுக்குக்குப் பின்னால் இருக்கிற கம்பி. பிரேக்கைக் கழற்றிவிட்டுத்தான் மெதுவாக உருட்டினேன். ரோட்டோரம் உப்பளம். எங்கள் சேலம் நகராட்சிக்குத் தலைவராக இருந்த ராஜாஜி 1930-ல் திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பு அள்ளிய ஊர். அதை நின்று பார்க்க எவ்வளவோ ஆசைப்பட்டு வந்தவன், வீலையே பார்த்துக்கொண்டு கடந்து போனேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அந்தக் கம்பியை வீட்டில் வைத்திருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் கம்பி இழுக்கிற வேலை எனக்கு. அதனால் உடைந்த முகத்தை லென்ஸ் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தலைப்பக்க வளைவில்தான் உடைந்திருக்கிறது. முகத்தில் பாதி மங்கல், துரு ஏறிய பழுப்பு. மீதிப் பாதி புதுசாய்ப் பளபளவென்று இருக்கிறது. மங்கல் பாதி பல நாளுக்கு முன்பே விரிந்துவிட்டது, பளபளப்பு அன்றைக்கு விட்டது. வீல் ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 2.1 மீட்டர். ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடுகிற பக்கத்துக் கம்பி தளர்ந்து மறுபடி இறுகும். 800 கிலோமீட்டருக்கு 3,80,000 தடவை. விறைப்பாக இழுத்துக் கட்டிய கம்பி இதைத் தாங்கும். தொளதொளவென்று இருக்கிற கம்பி வளைவில் ஆடி ஆடி விட்டுப்போகும். வெள்ளிக் கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் ஆகிறதே, அதேதான். முறுக்கினது அதிகமாகி உடையவில்லை, முறுக்காமல் விட்டதால் உடைந்தது.

இதைக் கண்டுபிடித்தவன் நானில்லை. வேதாரண்யத்தில் ஒரு சின்ன சைக்கிள் கடை. பெரியவர் வீலைத் தலைகீழாக நிறுத்தி, ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டிக்கொண்டே வந்தார். காது மட்டும் வீல் பக்கம். "ஒண்ணு ஒரு சத்தம், ஒண்ணு ஒரு சத்தம். கட்டினவன் காதே குடுக்கல தம்பி" என்றார். கேசட்டைக் கழற்றினால்தான் வலப்பக்கக் கம்பியைக் கோக்க முடியும். அதைக் கழற்றும் டூல் அவரிடம் இல்லை, என்னிடமும் இல்லை. "என்னங்கய்யா பண்றது?" என்றேன். சாதா சைக்கிள் கம்பி ஒன்றை எடுத்து, தலையை வெட்டினார். கட்டிங் பிளேயரால் முனையைக் கொக்கி மாதிரி மடக்கி, கேசட்டுக்கும் வீலின் நடுவே இருக்கிற ஹப்புக்கும் நடுவே நுழைத்து ஹப் ஓட்டையில் மாட்டினார். ரிம்மில் கம்பியை இறுக்கும் நிப்பிளை முறுக்கிக் கோட்டம் எடுக்க அரைமணி. எண்பது ரூபாய். அந்தக் கொக்கிக் கம்பி முத்துப்பேட்டை, தொண்டி, தூத்துக்குடி, திருச்செந்தூர் எல்லாம் பார்த்துக் கன்னியாகுமரி வந்தது. கம்பெனி கட்டிய கம்பி ரெண்டு அதற்கப்புறம் ஏற்காடு மலையில் போயிற்று. அவர் கம்பி போகவில்லை.

எனக்கு ஆறாத கோபம் இதில்தான். நம்ம ஊரில் பால் கேன் கட்டுகிற சைக்கிளுக்குப் பின்வீலில் 40 கம்பி, முன்வீலில் 32. சுமை பின்னால் என்று தெரிந்து வைத்த கணக்கு. நெடும்பயண வண்டி என்று சொல்லி, கேரியரில் 25 கிலோ என்று ஸ்டிக்கரும் ஒட்டி, பின்வீலுக்கும் 32 கம்பிதான் கொடுத்திருக்கிறார்கள். அந்த 32-ஐயாவது ஒரே இறுக்கமாக முறுக்கியிருந்தால் போதும், ஒன்றும் ஆகியிருக்காது. மூன்று இலவச சர்வீஸிலும் செயினுக்கு எண்ணெய் விட்டார்கள், வண்டியைத் துடைத்தார்கள், கம்பியை ஒருத்தரும் தொடவில்லை. கேட்டபோது "லோடு ஏத்தினீங்களா?" என்றார்கள். கேரியர் பின்னே எதற்கு?

இப்போது சேலத்திலேயே 36 ஓட்டை ஹப்பும் ரிம்மும் வாங்கிப் புதுசாகக் கட்டியாயிற்று. கூலியோடு 4,200 ரூபாய். வீல் வந்ததும் நானும் ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிப் பார்த்தேன். வலப்பக்கம் முழுக்க ஒரே சத்தம், இடப்பக்கம் அதைவிடக் கொஞ்சம் கீழே ஒரே சத்தம். அப்படித்தான் இருக்க வேண்டும். கேசட்டுக்கு இடம் விடுவதால் வலப்பக்கம் எப்போதும் இறுக்கம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போய் வந்தேன். வண்டி அவ்வளவு அருமையாக இறங்கியது.

தம்பி, வாங்க வேண்டாம். ஆறாயிரம் குறைத்தாலும் வேண்டாம். வீலைச் சரியாகக் கட்டத் தெரியாதவர்களுக்கு நம் காசு போகக் கூடாது. பிடிவாதமாக வாங்கினால், வாங்கிய அன்றைக்கே கம்பி முழுவதையும் முறுக்கச் சொல்லுங்கள். கேசட் கழற்றும் டூலும் நாலு கம்பியும் பையில் இருக்கட்டும்.

என் வண்டியைக் கேட்டீர்களே, அதைக் கொடுக்கிற எண்ணம் இல்லை.