பாசிப்பருப்பா கடலை மாவா, விரலியா கஸ்தூரியா: கொங்கு நாட்டுத் தண்ணீருக்கும் காற்றுக்கும் ஏற்ற முகப்பூச்சு எது?

அடுக்களைப் பொருள்களைக் கொண்டு முகத்துக்குப் பூச்சு செய்யச் சொல்லும் குறிப்புகள் பலவும், அதைக் கழுவப்போகும் தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேட்டாங்காட்டு ஊர்களில் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றோ முகத்தில் இருக்கும் ஈரத்தையும் துடைத்துக்கொண்டு போய்விடும். உப்பில்லாத சிறுவாணித் தண்ணீரில் குளிக்கும் கோவைக்காரருக்கு ஒத்துவரும் ஒரு பூச்சு, இந்த ஊர்களில் முகத்தை இறுகச் செய்து வெள்ளை பூக்க வைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே இங்கே பொருள்களை அவற்றின் பெயரையும் புகழையும் வைத்து ஒப்பிடாமல், நம் தண்ணீரிலும் காற்றிலும் அவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதை வைத்தே ஒப்பிடுகிறேன்.

முதல் போட்டி சோப்புக்கும் மாவுக்கும். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு படிவாக மாறுகின்றன. குளியலறை வாளியின் உட்புறம் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைப் படிவில் ஒரு பங்கு நம் தோலிலும் தங்குகிறது. அதோடு, தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்றுப் புளிப்புத் தன்மை கொண்டது, அதன் காரகாடி அளவு (pH; எண் குறையக் குறையப் புளிப்பு, கூடக் கூடக் காரம்) 5க்குப் பக்கத்தில் இருக்கும். வழக்கமான குளியல் சோப்பின் அளவு 9 முதல் 10 வரை போகும். மாவு இப்படிப் படிவு உண்டாக்குவதில்லை, எண்ணெயையும் அழுக்கையும் உறிஞ்சித் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. உப்புத் தண்ணீர் ஊர்களில் முகத்துக்கு மாவே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

எந்த மாவு என்பதுதான் அடுத்த கேள்வி. கடலை மாவு எண்ணெயை நன்றாக இழுக்கும். முகத்தில் எண்ணெய் வழியும் இளவயதினருக்குச் சித்திரை, வைகாசியில் அது பொருந்தும். ஆனால் காற்றுக் காலத்தில் அதையே பூசிக் காயவிட்டால், கழுவிய பின் கன்னம் இழுத்துப் பிடிக்கும். பாசிப்பருப்பு மாவு அவ்வளவு கடுமையாக இழுப்பதில்லை. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: தோலோடு கூடிய பாசிப்பயறை அரைத்தால் அதன் பச்சைத் தோல் எவ்வளவு அரைத்தாலும் சற்றுச் சொரசொரப்பாகவே நிற்கும், அது கைகால்களுக்கு நல்லது, முகத்துக்கு ஆகாது. முகத்துக்குத் தோல் நீக்கிய பருப்பையே எடுத்து, வெயிலில் காயவைத்து, மில்லில் அரைத்து, வேட்டித் துணியில் சலித்துக்கொள்வது சரி. என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) சலித்ததை முகத்துக்கென்றும் துணியில் தங்கிய கப்பியைக் காலுக்கென்றும் தனித்தனி டப்பாவில் வைப்பார்; அந்தப் பிரிவினையில் இருந்த நுட்பம் எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது.

உசிலை இலையைக் காயவைத்து அரைக்கும் அரப்பையும் இந்தப் போட்டியில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் கொங்குப் பகுதியில் எண்ணெய்க் குளியல் என்றால் சீயக்காய்க்கு முன்னால் அரப்புதான் நினைவுக்கு வரும். அதில் நுரைக்கும் சப்போனின் இருப்பதால் தலையில் தேய்த்த எண்ணெயை அது நன்றாக எடுத்துவிடும். அந்த வலுவே முகத்துக்கு மிகை. கண்ணில் பட்டால் எரிச்சலும் தாங்காது. தலைக்கும் முதுகுக்கும் அரப்பு, முகத்துக்குப் பாசிப்பருப்பு என்று பிரித்துக்கொள்வதே முறை.

மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஈரோட்டு மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அது சமையல் மஞ்சள், விரல் போன்று நீண்டதை விரலி என்றும் உருண்டையானதைக் கிழங்கு என்றும் பிரித்து விற்கப்படுவது. அதன் மஞ்சள் நிறம் குர்குமின் என்ற பொருளால் வருகிறது, அந்த நிறம் தோலிலும் துண்டிலும் தலையணை உறையிலும் ஒட்டிக்கொள்ளும். கஸ்தூரி மஞ்சள் வேறு செடி. அதன் கிழங்கை வெட்டினால் உட்புறம் வெளிறிய நிறமாக இருக்கும், கற்பூரம் கலந்தது போன்ற மணம் வரும், தோலில் கறை அவ்வளவாகப் படியாது. எனவே அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் போகிறவர்களுக்குக் கஸ்தூரியே வசதி. ஆனால் கடையில் கஸ்தூரி மஞ்சள் தூள் என்று கிடைப்பது பளிச்சென்ற மஞ்சளாக இருந்தால் நான் அதை நம்புவதில்லை, வேறு கிழங்கின் தூளை அந்தப் பெயரில் விற்பது வழக்கமாகிவிட்டது. அப்படிப்பட்ட தூளுக்குப் பதிலாக, தெரிந்த விவசாயியிடம் மெருகேற்றாத விரலியை வாங்கி வீட்டிலேயே இடித்துக்கொள்வது எவ்வளவோ மேல். தூளுக்கு நிறம் கூட்டுவதற்காக ஈயக் குரோமேட் என்ற நச்சு நிறமியைக் கலந்த நிகழ்வுகள் தெற்காசியாவில் கண்டறியப்பட்டிருக்கின்றன. தோலின் மேல் பூசுவதாயினும் குழந்தைகள் உள்ள வீட்டில் இதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அளவைப் பொறுத்தவரை, இரண்டு தேக்கரண்டி பருப்பு மாவுக்கு ஒரு சிட்டிகை விரலித் தூள் போதும். மஞ்சளும் சிலருக்கு அரிப்பைத் தரும் என்பதால், முதல் முறை முழங்கையின் உட்புறத்தில் பூசி, ஒரு நாள் முழுதும் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாவைக் குழைக்கத் தயிரா எலுமிச்சையா என்றால், தயங்காமல் தயிர் என்பேன். தயிரின் லாக்டிக் அமிலம் மென்மையானது, அதன் கொழுப்பு காற்றுக் காலத்தில் தோலுக்கு இதம். எலுமிச்சைச் சாற்றின் காரகாடி அளவு 2ஐ ஒட்டியது, தோலுக்கு அது மிகவும் கடுமை. அதைவிட முக்கியமாக, எலுமிச்சை இனப் பழங்களில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைச் சுட்டது போல் ஆக்கி, கருந்தழும்பை விட்டுச்செல்லும். ஒரு கலியாணத்துக்கு முதல் நாள் எலுமிச்சை பூசிவிட்டு, சரியாகக் கழுவாமல் வெயிலில் போன என் கன்னத்தில் விழுந்த கறை மறையப் பல மாதங்கள் ஆயின. அன்றிலிருந்து எலுமிச்சையை ஊறுகாயோடு நிறுத்திக்கொண்டேன்.

எண்ணெயில் தேங்காயும் நல்லெண்ணெயும் நிற்கின்றன. காங்கேயத்தைச் சுற்றி எண்ணெய் ஆலைகள் நிறைந்திருப்பதால் தேங்காய் எண்ணெய் நம் கைக்கெட்டும் பொருள். கந்தகப் புகை காட்டாத கொப்பரையில் ஆட்டியதைக் கேட்டு வாங்க வேண்டும். வெடித்த கைகால்களுக்கு அதற்கு இணையில்லை. ஆனால் முகப்பரு உள்ளவர்களுக்கு அது துளைகளை அடைத்துப் பருவைக் கூட்டக்கூடும். அவர்கள் செக்கு நல்லெண்ணெயைக் கொஞ்சமாகப் பூசி, கால் மணி நேரத்தில் பருப்பு மாவால் எடுத்துவிடலாம். எண்ணெய் எதுவானாலும் அது ஈரத்தைக் கொடுப்பதில்லை, இருக்கும் ஈரத்தைப் போகாமல் காக்கிறது. ஆகவே குளித்துத் துவட்டிய உடனே, தோல் சற்று ஈரமாக இருக்கும்போது தடவினால்தான் பயன்.

உலர்ந்த மாவு காற்றுப் புகாத டப்பாவில் சில மாதங்கள் கெடாமல் இருக்கும். தயிரோ தண்ணீரோ சேர்ந்துவிட்டால் அந்த வேளையிலேயே தீர்த்துவிட வேண்டும். வேலியோரக் கற்றாழை மடலை அறுத்தால், மஞ்சள் பால் வடியும்வரை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பிறகே சோற்றை எடுக்க வேண்டும், அந்தப் பால் அரிக்கும்.

வெயிலைத் தடுப்பதற்கு மட்டும் அடுக்களையில் பொருளில்லை. மஞ்சளோ தேங்காய் எண்ணெயோ அந்த வேலையைச் செய்வதில்லை. மஞ்சள் காட்டில் களையெடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டைக் கட்டி நெற்றியை மறைத்துக்கொள்கிறார்கள். கடையில் வாங்கும் வெயில் தடுப்புக் களிம்பு இல்லாத வீட்டில், மேலே சொன்ன மாவையும் எண்ணெயையும்விட அந்தத் துண்டுக்கே நான் முதலிடம் தருவேன்.