ஸ்டாட்டினா, எஸெட்டிமைபா?

எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) ஜாஸ்தின்னு ரிப்போர்ட் வந்தா டாக்டர் பெரும்பாலும் முதல்ல எழுதுறது ஸ்டாட்டின் தான், அட்டோர்வாஸ்டாட்டின் இல்லன்னா ரோசுவாஸ்டாட்டின். இது கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கறதையே குறைக்குது, உடனே கல்லீரல் தனக்கு வேணும்னு ரத்தத்துல இருக்குற எல்டிஎல்லை இழுத்துக்குது, அதனால டோஸ் கூடுதலா இருந்தா பாதிக்குப் பாதி கூட இறங்கும். எஸெட்டிமைப்ங்கற இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரையோட ரூட்டே வேற. குடல்லேருந்து கொலஸ்ட்ரால் உள்ள போறதை தடுக்கும், தனியா போட்டா 18-20% தான் குறையும்.

அப்போ இது எதுக்குன்னு கேப்பீங்க. ஸ்டாட்டின் டோஸை டபுள் பண்ணா கூடுதலா ஒரு 6% தான் இறங்கும் (டபுள் போட்டா டபுளா குறையும்னு தான் நானும் நெனச்சிருந்தேன்!), ஆனா அதே டோஸோட 10 மில்லிகிராம் எஸெட்டிமைப் சேர்த்தா அதை விட நல்லாவே குறையுது. 2015ல வந்த இம்ப்ரூவ்-இட் ஆய்வுல, ஹார்ட் பிரச்சனை வந்தவங்களுக்கு சிம்வாஸ்டாட்டினோட இதை சேர்த்தப்போ மறுபடி அட்டாக் வர்றது குறைஞ்சுது, கொஞ்சம் தான், ஆனா குறைஞ்சுது.

என்னைக் கேட்டா ஸ்டாட்டின் ஒத்துக்கறவங்களுக்கு அது தான் முதல், எஸெட்டிமைப் கூட நிக்கிற தம்பி மாதிரி.

தசை வலி புகார் ஸ்டாட்டின்ல தான் அதிகம். அதுக்காக நீங்களா நிறுத்தாதீங்க, டோஸ் குறைச்சோ வேற ஸ்டாட்டின் மாத்தியோ பாத்தாலே நிறைய பேருக்கு சரியாகுது. கர்ப்பம்னா முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லிடணும். எதை ஆரம்பிச்சாலும் 4-12 வாரத்துல திரும்ப ரத்தம் குடுத்து பாருங்க.