சமையல் மேடையில் ஒரு மின் கிறில்: திருகோணமலை வீட்டுக்கு எவ்வளவு பொருந்தும்?

மின் கிறில் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, அவர்கள் எதை, எவ்வளவு தடிப்பில் சுடப்போகிறார்கள் என்பதைத்தான். கரியடுப்பில் கங்கிலிருந்து வீசும் அனல் மீனைச் சுற்றிப் பரவுகிறது. மின் கிறில்லில் சூடேறிய தட்டு எந்த இடத்தைத் தொடுகிறதோ அந்த இடம் மட்டுமே வேகமாகச் சுடுபடும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், கருவியின் நன்மைகளும் குறைகளும் பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும்.

இங்குள்ள கடைகளில் பொதுவாக இரண்டு வகைகள் கிடைக்கின்றன. ஒன்று, மேலும் கீழும் தட்டுகளைக் கொண்டு புத்தகம்போல் மூடும் வகை. 1994இல் அமெரிக்காவில் குத்துச்சண்டை வீரர் ஜோர்ஜ் ஃபோர்மனின் பெயரோடு விற்பனைக்கு வந்து புகழ்பெற்ற கிறில் இந்த வகையைச் சேர்ந்தது. உருகும் கொழுப்பு வழிந்தோடும்படி தட்டைச் சற்றுச் சரிவாக அமைத்ததே அதன் சிறப்பு. மற்றொன்று, மூடி இல்லாமல் வரிவரியான ஒற்றைத் தட்டுடனோ கம்பி வலையுடனோ வரும் திறந்த வகை. நான் இரண்டிலும் சமைத்திருக்கிறேன். ஒன்றையே வாங்கவேண்டும் என்றால் மூடும் வகையையே தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் திறந்த வகையில் மேற்புறம் ஆறிக்கொண்டேயிருப்பதால் மீனைப் புரட்டவேண்டியிருக்கிறது, புரட்டும்போது உடைந்தும்போகிறது.

இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டிய அறக்குளாத் துண்டுக்கு இதைவிட வசதியான கருவி வீட்டுக்குள் கிடைக்காது. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இடித்த உள்ளி, தேசிக்காய்ச் சாறு ஆகியவற்றைப் பூசி ஊறவைத்த துண்டுகளை, ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு, நன்றாகச் சூடேறிய தட்டில் வைத்து மூடினால், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெந்து, உள்ளே சாறு வற்றாமல் சில நிமிடங்களில் தயாராகிவிடும். எண்ணெய் ஒரு தேக்கரண்டியே போதும். ஈரத்தை ஒற்றியெடுப்பதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மீனின் மேற்பரப்பு ஏறத்தாழ 140 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் பொன்னிறமும் வறுபட்ட மணமும் உண்டாகத் தொடங்கும். தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 பாகையைத் தாண்டாது. மூடிய தட்டுகளுக்கிடையே நீராவியும் தேங்குவதால், ஈரமான மீன் சுடுபடாமல் அவிந்துவிடும்.

கணவாயில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதலாகத் தெரியும். அது நிறையத் தண்ணீர் விடும். மூடியை அமுக்கி வைத்தால் தன் நீரிலேயே கொதித்து றப்பர் பதத்துக்கு வந்துவிடும். ஆகவே தட்டை உச்சச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடியே, சிறிது சிறிதாகப் போட்டு, இரண்டு மூன்று நிமிடங்களில் எடுத்துவிடவேண்டும். எலும்பு நீக்கிய கோழித்துண்டும் நன்றாக வரும், ஆனால் நடுப்பகுதி 74 பாகையைத் தொட்டதா என்பதைத் தட்டின் வெளிச்சப் புள்ளியை நம்பித் தீர்மானிக்கக்கூடாது. அந்தப் பச்சை விளக்கு தட்டு சூடாகிவிட்டதைக் காட்டுகிறதே தவிர இறைச்சி வெந்ததைக் காட்டுவதில்லை. முதல்நாள் மிஞ்சிய சூரைமீன் பிரட்டலைப் பாண் துண்டுகளுக்கிடையே வைத்து அமுக்கிச் சுட்டால் கிடைக்கும் காலைச் சாப்பாட்டுக்காகவே சிலர் இந்தக் கருவியை வைத்திருக்கிறார்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

முழுப் பாரை, முழு விளைமீன் என்று வந்தால் நிலைமை மாறுகிறது. தலைப்பக்கம் தடித்தும் வால்பக்கம் மெலிந்தும் இருப்பதால் மேல்தட்டு தலையில் முட்டிக்கொண்டு நிற்கும். வால் தொடுகையே இல்லாமல் வெளிறிக் கிடக்கும். பிணைச்சல் மேலெழும்பி உயரத்துக்கேற்ப விட்டுக்கொடுக்கும் மாதிரிகளில் இந்தக் குறை ஓரளவு குறைகிறது, ஆனால் நீங்குவதில்லை. கத்தரிக்காயை நெருப்பில் கருகச் சுட்டுத் தோலுரித்துப் பிசைந்து செய்யும் சம்பலுக்கும் இது உதவாது, ஏனெனில் அந்தச் சம்பலின் சுவையே கருகிய தோலிலிருந்து சதைக்குள் இறங்கும் புகையில்தான் இருக்கிறது. சிரட்டைக் கரியில் சுட்ட மீனின் மணமும் அப்படித்தான்: சொட்டும் கொழுப்பு கங்கில் விழுந்து எரிந்து, புகையாக மேலே வந்து மீனில் படிகிறது. மின் கிறில்லில் அந்தக் கொழுப்பு வழிந்து தட்டத்தில் தேங்குகிறது, ஆகவே மணமும் இல்லை. உடல்நலக் கணக்கில் இது ஒரு நன்மையும்கூட, ஏனெனில் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்படும் பல்வளைய அரோமற்றிக் ஐதரோகாபன்கள் அந்தப் புகையோடுதான் பெருமளவில் உணவில் படிகின்றன. நான் மாதத்தில் ஓரிரு நாள் கரியையும் மற்ற நாட்களில் மின்சாரத்தையும் வைத்துக்கொள்கிறேன்.

காலநிலையும் கணக்கில் வரவேண்டும். மாரியில் வடகீழ்ப் பருவமழை விடாமல் கொட்டும் நாட்களில் முற்றத்தில் கரி மூட்டமுடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் சாம்பலும் தீப்பொறியும் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணிவரை பறக்கும். இந்த இரண்டு பருவங்களிலும் மின் கிறில் அடக்கமாகத் தன் வேலையைச் செய்கிறது. எரிவாயுவுக்கு மாற்றாக இதை வாங்கியவர்களும் உண்டு. 2022இல் 12.5 கிலோ சிலிண்டருக்காக வரிசையில் நின்ற அனுபவம் பலரை மின் கருவிகளின் பக்கம் திருப்பியது, ஆனால் அதே ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டதையும் மறந்துவிடக்கூடாது. ஒன்றுக்கு ஒன்று துணையாக இருக்கலாம். ஒன்றை மட்டும் நம்பி அடுப்பைக் கழற்றுவது சரியல்ல.

செலவைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. 1500 வாட் கிறில் 20 நிமிடங்கள் இடைவிடாமல் இயங்கினால் அரை அலகு மின்சாரம். சூட்டுக்கட்டுப்பாடு இடையிடையே மின்னை நிறுத்துவதால் உண்மையில் அதைவிடக் குறைவாகவே பிடிக்கும். ஆனாலும் நமது கட்டணம் படிமுறையானது. மாதப் பாவனை ஒரு படியைத் தாண்டினால் அலகின் விலையும் நிலையான மாதக் கட்டணமும் சேர்ந்தே ஏறும் என்பதால், ஏற்கெனவே படியின் விளிம்பில் நிற்கும் வீடுகள் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

என் கவலை சுவரில் இருக்கும் பிளக் பொயின்ற்றைப் பற்றியது. 2000 வாட் கிறில் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 8.7 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். பழைய வீடுகளில் மின்விசிறிக்கும் வானொலிக்கும் என்று போட்ட 5 அம்பியர் வட்ட முனைப் பொயின்ற்றில், இடையில் ஒரு அடப்ரரைச் செருகி இதை இயக்குவது தீயை வீட்டுக்கு அழைப்பதாகும். 13 அம்பியர் பொயின்ற்றில், நீட்டிப்பு வயர் இல்லாமல், புவித்தொடுப்பு ஒழுங்காக இருக்கும் சுற்றில் மட்டுமே பயன்படுத்தவேண்டும். இன்னொரு எச்சரிக்கை, வெளிநாட்டில் உறவினர் உள்ள வீடுகளுக்கு. கனடாவிலிருந்து அன்போடு கொண்டுவரப்படும் கிறில் 120 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டது. அதை முனை மாற்றி நம் மின்சாரத்தில் செருகினால், அது தன் அளவைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேலான வலுவை இழுத்து எரிந்துபோகும். அதற்கேற்ற மின்மாற்றி வாங்கும் பணத்துக்கு இங்கேயே ஒரு புதுக் கிறில் வாங்கிவிடலாம்.

துப்புரவு விடயத்தில் தட்டு கழற்றக்கூடியதா என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கழற்றமுடியாத தட்டைத் தண்ணீரில் அமிழ்த்த முடியாது. இளஞ்சூட்டில் ஈரத்துணியால் துடைக்கலாம், ஆனால் வரிகளுக்கிடையே ஒட்டிய மசாலாவும் மீன் வாடையும் முழுவதும் போகாது. வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சமைக்கும் வீடுகளில் இது சிறிய குறையல்ல. மீன் சுட்ட சட்டியையே அன்று தொடாத ஒரு வீட்டில், அந்தத் தட்டில் கறிமிளகாயும் தக்காளியும் சுட யார் சம்மதிப்பார்கள்? இரண்டாவது சோடித் தட்டுக் கிடைக்கும் மாதிரியை வாங்குவது ஒன்றே வழி. ஒட்டாத பூச்சையும் கவனமாகக் காக்கவேண்டும். சாதாரணச் சமையற் சூட்டில் அதனால் தீங்கில்லை. ஏறத்தாழ 260 பாகைக்கு மேல்தான் அது சிதையத் தொடங்கும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் இரும்புக் கரண்டியும் தேன் அல்லது சீனி கலந்த சோசும்தான், ஏனெனில் கருகி ஒட்டிய சீனியைச் சுரண்டப்போய்ப் பூச்சையும் சுரண்டிவிடுகிறோம்.

கடலை அண்டிய உப்புவெளி, திருக்கடலூர் பக்க வீடுகளில் உப்புக்காற்று கருவியின் திருகாணிகளையும் பிணைச்சலையும் விரைவில் துருவேற்றும். நான் பாவித்த ஒன்றின் பிணைச்சல் உத்தரவாதக் காலம் முடிந்த சில மாதங்களிலேயே இறுகிப்போனது. ஆறியபின் பெட்டியிலோ மூடிய அலுமாரியிலோ வைப்பது உதவும். அளவைப் பொறுத்தவரை, சிறிய மாதிரி இரண்டு மூன்று பேருக்குப் போதும். ஏழெட்டுப் பேர் உண்ணும் வீட்டில் கடைசித் துண்டு சுடுபடும்போது முதல் துண்டு ஆறிவிடும், அத்தகைய வீட்டுக்கு ஒரு பெரிய தோசைக்கல்லே மேல். வாங்கும்போது கடைக்காரரைத் தட்டுகளைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதே தட்டு தனியாக எங்கே கிடைக்கும் என்பதற்குத் தெளிவான பதில் வராவிட்டால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த மாதிரியை நான் வாங்கமாட்டேன்.