எஃப்.சி. இருக்கிறது என்று நம்பி மலையிறங்காதீர்கள்

அம்மாவின் கண் பரிசோதனைக்காகப் போன மாதம் குன்னூரிலிருந்து கோவைக்கு ஒரு வாடகை வேன் பேசினேன். ஏறுவதற்கு முன் அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். பெர்மிட், காப்பீடு, எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எல்லாமே நடப்பில் இருந்தன. எஃப்.சி. எடுத்து ஆறு வாரம்தான் ஆகிறது என்று உரிமையாளர் நகலையும் காட்டினார். அதை நம்பித்தான் அம்மாவை ஏற்றினேன்.

மலைப்பாதையில் காட்டேரி என்ற இடம் தாண்டியதும் கருகல் வாடை வந்தது. மரப்பாலத்தை நெருங்கும்போது ஓட்டுநர் பெடலை மீண்டும் மீண்டும் மிதித்தார், வண்டி பிடிபடவில்லை. 2023 செப்டம்பர் 30 அன்று தென்காசிப் பக்கத்துச் சுற்றுலாப் பஸ் பள்ளத்தில் விழுந்து 9 பேர் இறந்தது இந்த மரப்பாலம் அருகேதான். அம்மா ஸ்கேன் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு முருகா, முருகா என்றார். ஓட்டுநர் கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்க மண்திட்டில் உரசி நிறுத்தினார். அவர் தினக்கூலிக்கு ஓட்டுபவர், அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

புகைந்துகொண்டிருந்த பின்சக்கரத்தில் அவர் தண்ணீர் ஊற்றப் போனார். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஓடிவந்து தடுத்தார். கொதிக்கும் பிரேக் டிரம்மில் தண்ணீர் பட்டால் விரிசல் விடுமாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த மெக்கானிக் டிரம்மைக் கழற்றிக் காட்டினார். டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் லைனிங் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவெட் தலைகள் பளபளவென்று வெளியே தெரிந்தன. டிரம்மின் உட்புறத்தில் விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள். "தம்பி, ஆறு வாரத்தில் இப்படித் தேயாது" என்றார்.

எஃப்.சி. கொடுத்த அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்தேன். சோதித்த நாளில் வண்டி தகுதியோடு இருந்தது, பிறகு பராமரிப்பது உரிமையாளர் பொறுப்பு என்று பதில் வந்தது. எட்டு ஆண்டு தாண்டிய வாடகை வண்டியை ஆண்டுதோறும் சோதிக்கச் சட்டம் சொல்வது தேதியைப் புதுப்பிக்கவா, பிரேக்கைப் பார்க்கவா? யார், எப்படிச் சோதித்தார் என்று மறுபடியும் எழுதிக் கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை. ஊரில் சொன்னால் யாருக்கும் கோபம்கூட வரவில்லை. எஃப்.சி.க்கு மட்டும் நல்ல டயர் மாட்டிப் போய், திரும்பியதும் கழற்றிவிடுவதை டீக்கடையில் சமையல் குறிப்பு போலச் சொல்கிறார்கள்.

ஆகவே மலையிறங்குவதற்கு முன் நீங்களே பாருங்கள். எஞ்சின் ஓட, வண்டி நிற்கும்போது பிரேக்கை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால் ஏறாதீர்கள். லைனிங் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு, பில்லைப் பாருங்கள். நியூட்ரலிலோ நான்காவது கியரிலோ இறக்கினால் தயங்காமல் தடுத்துச் சொல்லுங்கள்; இறக்கத்துக்கு இரண்டாவது கியர்தான். கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி, ஆறும்வரை உட்காருங்கள்.

இன்று காலை அதே வேன் ஸ்டாண்டில் நின்றது. லைனிங் மாற்றியாயிற்று என்றார் ஓட்டுநர். பில் கேட்டேன். முதலாளியிடம் இருக்கிறது என்றார்.